மதியம் 20 நிமிடம் கண்ணசந்தால் என்ன ஆகும்?

"மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. மேசையிலேயே கால் மணி நேரம் தலை சாய்க்கலாமா? பகலில் தூங்கினால் உடம்பு ஊதிவிடும், சோம்பல் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் சொல்கிறார்கள். லீவு நாளில் மதியம் தூங்கி எழுந்தால் எனக்கே தலை பாரமாக, யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கிறது. பகல் தூக்கம் நல்லதா, கெட்டதா?" தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது.

நல்லது. ஆனால் நீங்கள் லீவு நாளில் தூங்குவது ஒரு தூக்கம், நான் சொல்லப்போவது வேறு தூக்கம். இரண்டையும் பகல் தூக்கம் என்றே சொல்வதால்தான் இத்தனை குழப்பம். முதலாவது ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது. இரண்டாவது, நம் ஊர்ப் பெரியவர்கள் "சித்த நேரம் கண்ணசந்துட்டு வர்றேன்" என்று துண்டை உதறிப் போட்டுத் தலை சாய்ப்பார்களே, அது. கோழித்தூக்கம்.

நான் ஒரு மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன். வருவோரின் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் பசை வைத்து ஒயர்களை ஒட்டிவிட்டு, அவர்கள் தூங்குவதைப் பக்கத்து அறைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் இரவு வேலைதான். ஆனால் பகலில் செய்யும் பரிசோதனை ஒன்றும் உண்டு. "எந்நேரமும் தூக்கம் வருகிறது" என்று வருபவர்களை ஓர் இரவு தங்கவைத்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக நான்கைந்து தடவை விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்வோம். ஒவ்வொரு தடவையும் தூக்கம் வர 20 நிமிடம் அவகாசம். வந்துவிட்டால் அதிலிருந்து 15 நிமிடம் விட்டு எழுப்புவோம். எத்தனை நிமிடத்தில் தூக்கம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே குட்டித் தூக்கம் எப்படித் தொடங்குகிறது, எந்த இடத்தில் திசை மாறுகிறது என்பதை நான் திரையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு அங்கிருந்தே பதில் சொல்கிறேன்.

விழித்திருப்பவர் கண்ணை மூடிப் படுத்ததும் பின்மண்டையில் ஒட்டிய ஒயரிலிருந்து நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை சீரான சிற்றலைகள் வரும். நான்கைந்து நிமிடத்தில் அந்தச் சீர் குலையும். அதே நேரம் இமைக்கு அடியில் விழிகள் ஊஞ்சல்போல மெதுவாக இடமும் வலமும் போய்வரத் தொடங்கும். இதுதான் வாசற்படி. இந்த இடத்தில் எழுப்பினால் பாதிப் பேர் "நான் தூங்கவே இல்லையே" என்பார்கள். இன்னும் சில நிமிடம் போனால் திரையில் ஒரு சிறு கற்றை திடீரென்று தோன்றி மறையும். நூல் சுற்றிய கதிரைப்போல நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருக்கும். ஒரு நொடிதான் நீடிக்கும். மூளையின் உள்ளே தாலமஸ் என்ற பகுதியிலிருந்து கிளம்புவது அது. இதைப் பார்த்துவிட்டால் ஆள் உண்மையாகவே தூங்கிவிட்டார் என்று எழுதிக்கொள்வோம். இரண்டாம் நிலைத் தூக்கம் என்று இதற்குப் பெயர். மதியம் நமக்கு வேண்டியது இவ்வளவுதான். இதயத் துடிப்பு குறைந்திருக்கும், மூச்சு ஒரே தாளத்தில் வரும், ஆனால் மெல்லத் தொட்டால் எழுந்துவிடுவார்.

இதற்கு மேல் விட்டால், பொதுவாக அரை மணி நேரத்தை ஒட்டி, திரையே மாறிவிடும். நொடிக்கு ஒன்று, இரண்டு என்று பெரிய பெரிய அலைகளாக எழும்பும். ஆழ்ந்த தூக்கம். உடம்பைப் பழுது பார்க்க இரவில் அவசியமான தூக்கம்தான் அது. ஆனால் நடுவில் எழுப்பினால் ஆள் ஆளாக இருக்கமாட்டார். ஒருமுறை நல்ல திடகாத்திரமான வாலிபர் ஒருவரை அந்த நிலையிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்தவர் கையிலிருந்த ஒயரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர நேரமானது. தண்ணீர் டம்ளரை வாங்கி, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார். இந்தத் தூக்கக் கலக்கம் தெளிய சிலருக்குக் கால் மணி நேரம், சிலருக்கு அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். நீங்கள் லீவு நாளில் அனுபவிக்கும் தலைபாரமும் எரிச்சலும் இதுதான். ஒரு மணி நேரம் தூங்கி, கிணற்றின் அடியில் இருக்கும்போது காலிங்பெல்லோ குழந்தையோ உங்களை எழுப்பியிருக்கும். குற்றம் பகல் தூக்கத்தின்மேல் இல்லை, எழுந்த நேரத்தின்மேல்.

எத்தனை நிமிடம் சரி என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆம்பர் புரூக்ஸ், லியோன் லாக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. முந்தின இரவு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டவர்களை மதியம் 5, 10, 20, 30 நிமிடம் என்று தனித்தனி நாளில் தூங்கவைத்துப் பரிசோதித்தார்கள். 5 நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே சுறுசுறுப்பாக இருந்தார்கள். அந்தத் தெளிவு இரண்டரை மணி நேரம் வரை நின்றது. 20 நிமிடத் தூக்கத்தின் பலன் எழுந்து அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டியது. 30 நிமிடக்காரர்கள் முதலில் கலக்கத்தில் இருந்துவிட்டு, பிறகு தெளிந்தார்கள். உண்மையான தூக்கம் 10 நிமிடம் முதல் 20 நிமிடத்துக்குள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். கண்ணை மூடியதும் தூக்கம் வந்துவிடாது, அதற்கும் ஐந்தாறு நிமிடம் ஆகும். ஆகவே அலாரம் 25 நிமிடத்துக்கு.

ஏன் மதியத்தில் மட்டும் இந்தச் சொருகல்? "உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு" என்று பழியைச் சோற்றின்மேல் போடுவது நம் வழக்கம். சோறு கொஞ்சம் கூட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சாப்பிடாதவர்களுக்கும், மணி என்னவென்றே தெரியாத அறையில் இருப்பவர்களுக்கும் பிற்பகலில் இந்தச் சரிவு வருகிறது. நம் உடம்புக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்க அழுத்தம் ஏறும். இன்னொரு பக்கம் உடம்பின் கடிகாரம் நம்மை விழிப்பாக வைத்திருக்கப் பார்க்கும். அந்தத் தாங்கல் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் சற்றுத் தளர்கிறது. பகல் பரிசோதனையில் காலை பத்து மணிக்குப் புரண்டு புரண்டு படுத்தவர்கள்கூட மதிய முறையில் சட்டென்று உறங்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு மாலை ஐந்தாறு மணிக்கு அதே கடிகாரம் மறுபடி நம்மைத் தூக்கி நிறுத்திவிடும். அப்போது படுத்தால் தூக்கம் வராது, வந்தாலும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகையால் மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

காபி இங்கே ஒரு நல்ல கூட்டாளி. அடினோசின் போய் உட்காரும் இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் குடித்து 20 நிமிடத்துக்கு மேல் ஆனால்தான் அதன் வேலை தெரியத் தொடங்கும். அந்த 20 நிமிடத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் இருவரும் 1990களில், தூக்கம் குறைந்த ஓட்டுநர்களை வண்டி ஓட்டும் மாதிரி இயந்திரத்தில் உட்காரவைத்து இதைச் சோதித்தார்கள். காபியோடு குட்டித் தூக்கம் சேர்ந்தபோது தடம் விலகுவது வெகுவாகக் குறைந்தது. நெடுஞ்சாலையில் லாரி, வேன் ஓட்டுகிற எல்லோரிடமும் இதைச் சொல்ல ஆசை. முகத்தில் தண்ணீர் அடிப்பதும், கண்ணாடியை இறக்கிவிடுவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். டீக்கடை ஓரம் வண்டியைப் போட்டு ஒரு ஸ்ட்ராங் காபி, பிறகு சீட்டைச் சாய்த்து 20 நிமிடம். உயிர் காக்கும்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. சில வருடம் முன்பு, இரண்டு இரவு தொடர்ந்து வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, வண்டியின் முன் சக்கரம் நடுத்திட்டின் ஓரத்தில் உரசும் சத்தம். நடுவில் இருந்த நூறு அடி என் கணக்கில் இல்லை. சாலை காலியாக இருந்ததால் பிழைத்தேன். எத்தனையோ பேருடைய மூளை சில நொடிகளுக்கு இப்படி அணைந்து எரிவதைத் திரையில் பார்த்துக் குறித்தவள் நான். அன்று அது எனக்கே நடந்தது. அதன்பிறகு இரவு வேலை முடிந்தால் ஓய்வறை பெஞ்சில் 20 நிமிடம் படுத்து எழுந்துதான் சாவியைக் கையில் எடுக்கிறேன். வீட்டில் இட்லி ஆறினாலும் பரவாயில்லை.

விமானிகளிடம் இதை முறையாக அளந்தது அமெரிக்காவின் நாசா. மார்க் ரோஸ்கைண்டும் குழுவும் செய்து 1994இல் அறிக்கையாக வந்த ஆய்வு அது. பசிபிக் கடலைத் தாண்டும் நீண்ட பயணங்களில், மூன்று பேர் இருக்கும் விமானி அறையில், ஒரு பிரிவினருக்கு முறைவைத்து ஆளுக்கு 40 நிமிடம் இருக்கையிலேயே ஓய்வு தந்தார்கள். சராசரியாக அவர்கள் தூங்கியது 26 நிமிடம். பயணத்தின் கடைசி 90 நிமிடங்களில் மூளை அலையையும் விழி அசைவையும் பதிவு செய்து, சில நொடி கண்ணயர்வுகளை எண்ணினார்கள். ஓய்வில்லாத 9 பேரிடம் 120. ஓய்வெடுத்த 12 பேரிடம் 34. விமானம் இறங்கத் தொடங்கிய பிறகு ஓய்வெடுத்தவர்களிடம் ஒன்றுகூட இல்லை. தரையிறங்கும் நேரத்தில் விமானி விழிப்பாக இருப்பதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாவற்றையும்விட நம்மைத் தொடும் ஆய்வு சென்னையில் நடந்தது. ஃபிராங்க் ஷில்பாக், கௌதம் ராவ், ஹெதர் ஸ்கோஃபீல்ட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், குறைந்த வருமானம் உள்ள 452 பேரை டேட்டா என்ட்ரி வேலையில் அமர்த்தி, கையில் கடிகாரம்போல ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. இரவில் 8 மணி நேரம் படுக்கையில் கிடக்கும் இவர்கள் உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம். புழுக்கம், கொசு, தெருச் சத்தம், ஒரே அறையில் நான்கைந்து பேர். தூக்கம் துண்டு துண்டாக இருக்கிறது. தூக்க நோய் உள்ளவர்களுடைய தூக்கத்தின் தரத்தில் இருக்கிறது. வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ மே மாதத்து இரவு ஒன்றைக் கழித்தவர்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது.

ஒரு பிரிவினருக்கு மெத்தை, மின்விசிறி, கண்பட்டை, காதடைப்பான் எல்லாம் கொடுத்து, நிறையத் தூங்குங்கள் என்று ஊக்குவித்தார்கள். இரவுக்கு 27 நிமிடம் தூக்கம் கூடியது. வேலைத் திறனிலோ மனநிலையிலோ அதனால் கண்டுபிடிக்கும்படி எந்த மாற்றமும் இல்லை. இன்னொரு பிரிவினருக்கு வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம், அமைதியான அறையில் படுத்துத் தூங்க இடம் கொடுத்தார்கள். இவர்களிடம் வேலைத் திறன், கவனம், மனநிறைவு மூன்றுமே கூடின. தூக்க ஆய்வாளர்களே எதிர்பார்க்காத முடிவு. எனக்குத் தோன்றும் காரணம் இது: சத்தத்தில், புழுக்கத்தில், உடைந்து உடைந்து வரும் தூக்கத்தில் இன்னொரு 27 நிமிடத்தைச் சேர்ப்பதும், உடம்பே கேட்கிற வேளையில் அமைதியான அறையில் ஒரே மூச்சாகக் கிடைக்கும் சிறு தூக்கமும் ஒன்றல்ல.

அந்த ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூங்கப் போனதால் வேலை நேரம் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலை கூடியிருந்தாலும், தூங்காமல் அந்த அரை மணி நேரமும் வேலை பார்த்தவர்களின் வருமானத்தை அது எட்டவில்லை. இதை வைத்துத் தூக்கம் நஷ்டம் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்று தெரிந்த ஒன்றின் செலவை, அன்றாடக் கூலிக்காரரின் பையிலிருந்து மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? தேநீர் இடைவேளையைச் சம்பள நேரத்தில் சேர்ப்பதுபோல இதையும் சேர்க்கலாம். ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். அதற்கு முன் உட்காருவதே சோம்பேறித்தனமாகப் பார்க்கப்பட்டது. சாப்பாட்டு அறையின் மூலையில் நான்கு பாயும் ஒரு மின்விசிறியும் போட்டு, 20 நிமிடம் தலை சாய்க்க விட்டால் எந்த முதலாளியும் நொடித்துப்போக மாட்டார். ஜப்பானின் சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட தூக்க வழிகாட்டியில், வேலை செய்யும் வயதினர் பிற்பகலின் தொடக்கத்தில் 30 நிமிடத்துக்குள் தூங்குவது திறனை மீட்க உதவும் என்றே எழுதியிருக்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. பழைய வீட்டுத் திண்ணைகளில் ஓர் ஓரம் சரிவாக, தலை வைக்கத் தோதாக மேடு கட்டியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? என் அம்மா பிறந்த வீட்டுத் திண்ணையில் இன்றும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தலை வைத்து அந்த இடம் மட்டும் எண்ணெய்ப் பளபளப்போடு வழுவழுவென்றிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு ஏர் பூட்டப் போனவர்களுக்கு மதியம் அந்த மேடு தேவைப்பட்டது. கட்டும்போதே அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

"சித்த மருத்துவத்தில் பகலுறக்கம் கூடாது என்றிருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மை, அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆயுர்வேதமும் பொதுவாகப் பகல் தூக்கத்தை விலக்குகிறது. ஆனால் இரவு குறுகிய கோடைக் காலத்துக்கும், முதியவர், குழந்தை, உழைத்துக் களைத்தவருக்கும் விலக்கு கொடுக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உண்ட கையோடு நீட்டிப் படுத்து மணிக்கணக்கில் தூங்குவதைத்தான் அவர்கள் தடுத்தார்கள் என்பது என் புரிதல், அந்தத் தடையில் நியாயமும் இருக்கிறது. சாப்பிட்டதும் மல்லாந்து படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நெஞ்செரியும். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், அல்லது சாய்ந்த நிலையில் தூங்குங்கள். தொப்பையைப் பற்றிப் பயம் வேண்டாம்; 20 நிமிடம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பதற்கும் செலவாகும் சக்தியில் பெரிய வித்தியாசமே இல்லை.

இதயத்துக்கு நல்லதா என்றால், கிரேக்க நாட்டில் 23,681 பேரைச் சராசரியாக ஆறு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், வாரத்தில் மூன்று நாளாவது மதியம் அரை மணி நேரமாவது தூங்குகிறவர்களிடம் இதய நோய்ச் சாவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. வேலைக்குப் போகும் ஆண்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இது கூடவே காணப்பட்ட ஒன்றுதான், தூக்கம்தான் காப்பாற்றியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்குகிறவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாக இருப்பதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. அங்கும் நோயால் தூக்கமா, தூக்கத்தால் நோயா என்று பிரித்தறிவது கடினம்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இரவில் தூக்கம் வராமல் மணிக்கணக்கில் புரள்கிறவர்கள் பகலில் தூங்கவே கூடாது. இரவுக்கென்று சேர்த்துவைக்க வேண்டிய அழுத்தத்தை மதியமே செலவழித்துவிட்டால் சுழல் நிற்காது. இரவு ஏழெட்டு மணி நேரம் படுத்தும் பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருகிறதா, கூடவே பலத்த குறட்டை, காலையில் தலைவலி, நடு இரவில் மூச்சுத் திணறி விழிப்பது உண்டா? அது குட்டித் தூக்கத்தால் தீராது. மூச்சடைப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். எங்கள் கூடத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களே, பல வருடம் சோம்பேறி என்று பட்டம் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். பெண்களுக்கு இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகளும் இப்படித் தூங்கவைக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு இடைவேளை ஒன்றரைக்கு என்றால், சாப்பிட்டுப் பத்து நிமிடம் நடங்கள். ஃபோனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, ஃபோனைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். மேசையில் கவிழ்ந்து படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். சாயும் நாற்காலி கிடைத்தால் கழுத்துக்கு அடியில் துப்பட்டாவைச் சுருட்டி வைத்துச் சாயுங்கள், கண்ணுக்கு மேல் ஒரு கைக்குட்டை. தூக்கம் வராவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள், கண்ணை மூடியே இருங்கள். முதல் ஒரு வாரம் பலருக்குத் தூக்கம் பிடிக்காது, பிறகு உடம்பு பழகிவிடும். அலாரம் அடித்ததும் எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்று முகம் கழுவுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு இரவைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட இரவில் தூக்கம் பிடிக்க நேரமாகிறது என்றால் அலாரத்தை 15 நிமிடத்துக்குக் குறையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் வேலை நாட்களில் இதை விட்டுவிட்டு, முந்தின இரவு தூக்கம் கெட்ட நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.